நமுக்காத கேப்சூலுக்கு எந்த உலர்த்தல்? ராமநாதபுரம் கடற்கரைக்கு ஐந்து வழிகள், ஒரு கணக்கு

பிற்பகல் 3 மணிக்குக் கையில் எடுத்தால் அப்பளமாய் நொறுங்குகிற முருங்கை இலை, மறுநாள் விடியற்காலை அதே தார்ப்பாயில் துணி போல மடங்கும். மண்டபம், பாம்பன், கீழக்கரை, சாயல்குடி, தொண்டி என்று கடலோரம் எங்கே காய வைத்தாலும் இதே கதைதான். இலையாக விற்கிறவரை இது பெரிதாகத் தெரியாது. பொடியாக்கி கேப்சூலில் அடைக்கத் தொடங்கியதும் தெரியும். பொடி கட்டி தட்டும், கூடு நெளியும் அல்லது விரலில் வைத்து அமுக்கினால் உடையும், மூன்றாம் மாதம் பாட்டிலைத் திறந்தால் பழைய வைக்கோல் வாசம் அடிக்கும்.

சிறு அளவில் மூலிகை கேப்சூல் செய்யும் குழுக்களும் உழவர் நிறுவனங்களும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: வெயிலில் போடுவதா, நிழலில் போடுவதா, சூரியக் கூடாரம் போடுவதா, மின் உலர்த்தி வாங்குவதா? இவற்றோடு ஈரம் உறிஞ்சும் உலர்த்தியையும் சேர்த்து ஐந்தையும் இங்கே பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு மூன்று இலைகளை எடுத்துக்கொள்கிறோம்: முருங்கை, நிலாவாரை (சென்னா), துளசி. மூன்றும் மூன்று குணம்.

## முதலில் எதை வைத்து அளப்பது

கடைசி ஈரம். கேப்சூலுக்குப் போகும் இலைப்பொடியில் 7 முதல் 8 சதவீத ஈரம் இருப்பது நல்லது. இந்த எண்ணுக்குக் காரணம் கூட்டில் இருக்கிறது. ஜெலட்டின் கூடு 13 முதல் 16 சதவீத ஈரத்தோடு வருகிறது. சுற்றுக் காற்றின் ஈரப்பதம் 40, 50 சதவீதமாக இருந்தால் கூடு அந்த நிலையில் நிற்கும். பெரும்பாலான இலைப்பொடிகளும் அதே காற்றில் 7, 8 சதவீத ஈரத்தில்தான் நிற்கும். ஆகவே உள்ளே இருக்கும் பொடியும் வெளியே இருக்கும் கூடும் ஒன்றிடம் ஒன்று தண்ணீர் கேட்காது. பொடியை 3 சதவீதம் வரை வறட்டிவிட்டால் அது கூட்டிலிருந்து ஈரத்தை இழுக்கும். கூட்டின் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே போனதும் கூடு சில்லாக உடையும். பொடியில் 12 சதவீதம் இருந்தால் தலைகீழ்: கூடு இளகி ஒன்றோடொன்று ஒட்டும். ‘எவ்வளவு காய்ந்தாலும் நல்லதுதான்’ என்ற எண்ணம் கேப்சூலுக்குப் பொருந்தாது.

மருந்துச் சத்து. இது செடிக்குச் செடி மாறும். முருங்கையில் பச்சை நிறமும் வைட்டமின்களும் வெளிச்சத்துக்குப் பயப்படும். துளசியில் எண்ணெய் வாசம் சூட்டுக்குப் பயப்படும். நிலாவாரை விசித்திரமானது: அதன் பேதிச் சத்தான சென்னோசைடு பச்சை இலையில் முழு வடிவில் இருப்பதில்லை. மெதுவாகக் காயும்போது இலையின் சொந்த நொதிகள் வேலை செய்து, இரண்டிரண்டாக இணைந்து உருவாகிறது. அதாவது அந்த இலைக்கு உலர்த்தலே மருந்து செய்யும் கட்டம். அவசரமாக அதிகச் சூட்டில் போட்டால் நொதி செத்துவிடும்.

சுத்தம். மணல், உப்பு, கிருமி மூன்றும் இதில் அடக்கம். உலர்த்துவதால் கிருமி சாவதில்லை, பெருகாமல் நிற்கிறது, அவ்வளவே. இந்திய ஆயுர்வேத மருந்துநூல் கிராமுக்கு மொத்த நுண்ணுயிர் 1 லட்சம், பூஞ்சை-ஈஸ்ட் 1,000 என்று மேல்வரம்பு வைத்திருக்கிறது. ஈ.கோலை, சால்மோனெல்லா அறவே இருக்கக் கூடாது. பறித்த முதல் ஏழெட்டு மணி நேரத்தில் இலை புழுங்கினால் இந்த எண்ணிக்கை அப்போதே எகிறிவிடும், பிறகு எவ்வளவு காய வைத்தாலும் இறங்காது.

பொடியின் கனம். ‘0’ அளவுக் கூட்டின் கொள்ளளவு 0.68 மில்லி. மில்லிக்கு 0.6 கிராம் கனமுள்ள பொடி என்றால் 400 மில்லிகிராம் பிடிக்கும். உலர்த்தும் முறை இந்தக் கனத்தையும் மாற்றும்.

செலவு. இயந்திர விலை மட்டும் செலவில்லை. துரு, ஆள்கூலி, மழை மாதத்தில் சும்மா நிற்பது, எடை குறைவது எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

## இந்தக் கரையின் காற்று

முறைகளுக்குப் போகுமுன் ஒரு கணக்கு. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள்; கடலோரத்தில் சாதாரணம். அதே காற்றைத் தண்ணீர் சேர்க்காமல் 40 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 46 ஆகும். 45 டிகிரியில் 35. 50 டிகிரியில் 28. காற்றில் தண்ணீர் குறையவில்லை, தாகம்தான் கூடியிருக்கிறது. மாறாக, ராத்திரி 26 டிகிரிக்கு இறங்கினால் அதே காற்று நிறைந்து பனியாகக் கொட்டும்.

இலை எப்போதும் தன்னைச் சுற்றிய காற்றோடு சமன் செய்துகொள்ளும். 80 சதவீத ஈரப்பதத்தில் எத்தனை நாள் கிடந்தாலும் இலை 13, 15 சதவீத ஈரத்துக்குக் கீழே இறங்காது. அந்த நிலையில் பூஞ்சைக்கு வழி திறந்தே இருக்கிறது.

அதற்கு மேல் உப்பு. கடற்காற்று கொண்டுவரும் உப்புத் தூள் இலைமேல் படியும். சமையலுப்பு காற்றின் ஈரப்பதம் 75 தாண்டியதும் தண்ணீர் கோத்துக் கரையும். கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் உப்புகள் அதற்கும் வெகு முன்பே கோக்கும். உப்பு படிந்த இலை இரண்டு முறை நமுக்கும், ஒருமுறை தன் குணத்தால், ஒருமுறை உப்பின் குணத்தால். கழுவுகிற தண்ணீர் உவர்க் கிணற்று நீராக இருந்தாலும் இதே வினைதான். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும்.

## திறந்த வெயில் களம்

மிளகாய்க்கும் கருவாட்டுக்கும் பழகிய களம். முதல் போடுவதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. சித்திரை, வைகாசியில் முருங்கை ஒன்றரை நாளில் மொறுமொறுவென்று வரும்.

கேப்சூலுக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நேர் வெயிலில் பச்சை வெளுத்து மஞ்சள் பழுப்பாகிறது. கறுப்புத் தார்ப்பாயின் மேற்பரப்பு உச்சி வெயிலில் 55 டிகிரியைத் தாண்டும். துளசியின் வாசம் முதல் நாளே பாதி போய்விடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும். மணல் ஏறியதா என்பது ஆய்வகத்தில் ‘அமிலத்தில் கரையாத சாம்பல்’ என்ற வரியில் தெரியும். அந்த எண் மிஞ்சினால் லாட்டே திரும்பி வரும். பொடியாக்கிய பின் மணலைப் பிரிக்க வழியில்லை. அரைக்கும் முன் சல்லடையில் உதறினால் ஓரளவு கழியும்.

மறைமுகச் செலவு கூலியில். மாலையில் வாரிக் கட்டி, காலையில் பனி விலகியதும் மறுபடி பரப்பி, மூன்று முறை கிளறி, ஆட்டையும் கோழியையும் விரட்ட ஓர் ஆள் வேண்டும். கருவாடு காயும் களத்துக்குக் காற்றோட்டத் திசையில் பரப்பினால் இலை அந்த வாசத்தையும் ஏற்றுக்கொள்ளும். அதை எந்தக் கூடும் மறைக்காது.

எங்கே பொருந்தும்? வேர், பட்டை, விதை போன்ற தடித்த சரக்கின் முதல் நாள் வாட்டலுக்கு. கஷாயப் பொடியாகக் கொதிக்கவைத்துக் குடிக்கும் சரக்குக்கும் ஓரளவு சரி.

## நிழல் கொட்டகை

பனையோலை வேய்ந்த, நாலு பக்கமும் காற்று புகும் கொட்டகை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நைலான் வலைப் பரண். சதுர மீட்டருக்கு 1 முதல் 1.5 கிலோ பச்சை இலை, அதற்கு மேல் வேண்டாம். முருங்கை மூன்று நான்கு நாள், நிலாவாரை ஏழு முதல் பத்து நாள். கீழாநெல்லி போட்டால் வலைக்குக் கீழே இன்னொரு மெல்லிய துணி கட்டுங்கள். காயக் காயச் சிற்றிலை உதிர்ந்து கீழே கொட்டும், பரணில் குச்சிதான் மிஞ்சும்.

சத்தைக் காப்பதில் நிழலுக்கு நிகர் குறைவு. நிலாவாரையைத் தலைமுறையாக நிழலில் காய வைத்தவர்கள் வேதியியல் படிக்காமலே சரியானதைச் செய்திருக்கிறார்கள். மெதுவான, சூடில்லாத உலர்த்தல்தான் அந்தச் சத்து உருவாக நேரம் தருகிறது. இலையின் நீலப்பச்சை நிறமும் நிற்கும், வியாபாரி நிறம் பார்த்துத்தான் விலை சொல்வார்.

குறை ஒன்றே, ஆனால் பெரிய குறை. கடலோர நிழலில் இலை காய்ந்தது போலத் தெரியும், காய்ந்திருக்காது. பிற்பகலில் 10 சதவீதம், விடியலில் 14. ‘நொறுங்குகிறதே’ என்று பிற்பகலில் பார்த்து மூட்டை கட்டி, இரவு கொட்டகையிலேயே வைத்தால் காலையில் கணக்கு மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்தால் நிழலில் இலை காயவே காயாது. நான்காம் நாள் நடு நரம்பில் வெள்ளை நூல் தெரிந்தால் அந்தப் பரணைக் குப்பைக்குழிக்கு அனுப்புங்கள். வெயிலில் போட்டு மீட்கப் பார்க்க வேண்டாம். பூஞ்சை செத்தாலும் அது விட்டுப்போன நஞ்சு பொடியில் இருக்கும்.

## சூரியக் கூடார உலர்த்தி

பாலிகார்பனேட் தகடு போர்த்திய கூடாரம். வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியம் தருகிறது. விழுக்காடும் தகுதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் ராமநாதபுரம் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வதே நல்லது. 400 சதுர அடிக் கூடாரத்தில் இரண்டடுக்குப் பரண் போட்டால் நடைபாதை போக 45 சதுர மீட்டர் வரை பரப்பு கிடைக்கும். ஒரு தடவைக்கு 45 முதல் 60 கிலோ பச்சை இலை.

மணலும் பறவையும் உள்ளே வராது. நல்ல வெயிலில் முருங்கை ஒன்று, ஒன்றரை நாளில் 7, 8 சதவீதத்தைத் தொட்டுவிடும். ஆனால் உள்ளே சூடு யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. நண்பகலில் 60 டிகிரி சாதாரணம். விசிறி நின்றால் இன்னும் ஏறும். துளசிக்கும் நிலாவாரைக்கும் அது அதிகம். தகடு புற ஊதாக் கதிரைத் தடுத்தாலும் வெளிச்சத்தை விடும். பரணுக்கு மேல் 50 சதவீத நிழல் வலை ஒன்று கட்டினால் சூடும் குறையும், நிறமும் நிற்கும். இது சில ஆயிரம் ரூபாய்ச் செலவுதான், பலர் கட்டுவதில்லை.

கவனிக்க வேண்டிய இடம் தகட்டின் உட்பக்கம். அந்திக்குப் பிறகு தகடு குளிரும், உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் வியர்த்துச் சொட்டும். காலையில் பரணில் வட்ட வட்டமாகக் கறுத்த இலைகள் கிடந்தால் அது அந்தச் சொட்டு. இலை பாதி காய்ந்த நிலையில் இரவைக் கழிக்க நேர்ந்தால் விசிறியை ஓட விடுங்கள். முழுதாகக் காய்ந்திருந்தால் 4 மணிக்கே எடுத்துப் பையில் அடைத்துவிடுங்கள்.

கடலோரச் செலவு இன்னொன்று: உப்பு. கால்வனைஸ் குழாயின் வெட்டுமுனையும் துளையிட்ட இடமும் முதலில் துருவேறும். திருகாணி அதற்கும் முன்பே. துருத் தூள் விழும் இடத்தில் மருந்துச் சரக்கு இருக்கக் கூடாது. திருகாணிகளாவது துருப்பிடிக்காத எஃகில் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தகட்டின் மேல் படியும் உப்பு-தூசிப் படலத்தை மாதம் இருமுறை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் வெளிச்சம் மங்கிச் சூடு குறையும்.

## மின் தட்டு உலர்த்தி

சூடேற்றும் கம்பி, விசிறி, தட்டு அடுக்கிய அலமாரி. ஆறிலிருந்து பத்து மணி நேரத்தில் வேலை முடியும். லாட்டுக்கு லாட்டு ஒரே தரம் வரும். கேப்சூலுக்கு இது முக்கியம். மழை மாதத்திலும் ஓடும், ஏனென்றால் மேலே பார்த்தபடி 80 சதவீதக் காற்றும் 50 டிகிரியில் 28 சதவீதக் காற்றுதான்.

வாங்குகிறவர்கள் ஏமாறுவது கொள்ளளவில். 48 தட்டு உலர்த்தியில் ஒரு தட்டு ஏறக்குறைய 32க்கு 16 அங்குலம். மொத்தப் பரப்பு 16 சதுர மீட்டர். பச்சை இலை 16 முதல் 24 கிலோதான் பிடிக்கும். விற்பவர் சொல்லும் பெரிய எண் மாவுக்கும் குருணைக்கும் உரியது. இலையைத் திணித்தால் நடுத் தட்டுகள் வெந்துபோகும்.

சூட்டின் அளவு: முருங்கைக்கு 50, கடைசி ஒரு மணி நேரம் 55. நிலாவாரைக்கு 40, 45. துளசிக்கு 38, 40. முதல் இரண்டு மணி நேரம் புகைபோக்கித் தடுப்பை முழுக்கத் திறந்து வையுங்கள். கரண்டை மிச்சப்படுத்த அதை மூடுகிறவர்கள் இலையை ஆவியில் வேகவைக்கிறார்கள். பச்சை போய் பாசிக்கறுப்பு வந்தால் காரணம் அதுதான். பாதி நேரத்தில் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் மாற்றுங்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு போன்றவற்றை வேகமாகக் காய வைத்தால் மேற்பரப்பு தோலாக இறுகி, உள்ளே ஈரம் சிறைப்படும். வெளியே எடுத்ததும் காய்ந்ததாகக் காட்டும், இரண்டு நாளில் உள் ஈரம் மேலே வரும். அத்தகைய சரக்கை 24 மணி நேரம் மூடிய பையில் வைத்து, மறுபடி ஈரம் பார்த்த பின்தான் அரைக்க வேண்டும்.

இப்போது எல்லோரும் அஞ்சும் மின்கட்டணம். ஆய்ந்த முருங்கை இலை 100 கிலோவில் தண்ணீர் ஏறக்குறைய 78 கிலோ. 7 சதவீத ஈரத்தில் நிறுத்தினால் 23.7 கிலோ இலை மிஞ்சும், 76 லிட்டர் ஆவியாக வேண்டும். தட்டு உலர்த்திக்கு 100 முதல் 120 யூனிட் பிடிக்கும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஒரு கிலோ காய்ந்த இலைக்கு 34 முதல் 40 ரூபாய். ஒரு கிலோவில் 400 மில்லிகிராம் கேப்சூல் 2,500 வரும். கேப்சூலுக்கு 2 பைசாவுக்கும் குறைவு! வெற்றுக் கூட்டின் விலையே இதைப் போலப் பல மடங்கு. கரண்டுக்குப் பயந்து ஈர இலையை அடைக்கிறவர், 2 பைசாவை மிச்சப்படுத்திக் கூட்டையும் சரக்கையும் பேரையும் சேர்த்து இழக்கிறார்.

உண்மையான மறைமுகச் செலவு மின்வெட்டு. பாதி காய்ந்த, சூடான இலை மூடிய அலமாரியில் இரண்டு மணி நேரம் நின்றால் புழுங்கும். வெட்டு வந்ததும் கதவைத் திறந்து தட்டுகளை வெளியே இழுக்க ஆள் இருக்க வேண்டும், அல்லது விசிறிக்காவது ஜெனரேட்டர் வேண்டும்.

## ஈரம் உறிஞ்சும் உலர்த்தி

ஹீட் பம்ப் என்று விற்கப்படுவது. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிட்டு, குளிர்ந்த சுருளில் அதன் ஈரத்தைத் தண்ணீராக வடித்து, மறுபடி சூடாக்கி இலைமேல் அனுப்பும். வெளியே மழையா, உப்புக் காற்றா என்பது இதற்குப் பொருட்டில்லை. 35, 40 டிகிரியிலேயே வேலை நடப்பதால் துளசிக்கு இதைவிட நல்லது இல்லை. மின்சாரமும் தட்டு உலர்த்தியில் பாதி அளவே ஆகும்: அதே 100 கிலோ முருங்கைக்கு 40 முதல் 55 யூனிட்.

இதில் ஒரு வசதி உண்டு. வடிகுழாய்க்குக் கீழே அளவுக்கோடு போட்ட வாளியை வைத்தால் உலர்த்தல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். 10 கிலோ முருங்கைக்கு ஏழரை லிட்டர் வர வேண்டும். ஆறு லிட்டரில் சொட்டு நின்றுவிட்டால் இலை காய்ந்தது என்று நினைக்காதீர்கள், வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இலைத்தூள் சுருளில் அடைவதுதான் இதன் அன்றாட நோய்.

விலை அதிகம். சுருளின் அலுமினியத் தகடுகளை உப்பு அரிக்கும். வெளிப்பகுதியைக் கடல் பார்த்த சுவரில் வைக்கவே கூடாது. பழுது பார்க்கும் ஆள் பெரும்பாலும் மதுரையிலிருந்து வர வேண்டும். கடைசி இரண்டு மூன்று சதவீதம் இறங்க நேரம் பிடிக்கும். தடித்த வேருக்கு மெத்தனம்.

சிறியவர்களுக்கு இதன் ஏழை உறவினர் ஒன்று உண்டு. எட்டுக்குப் பத்தடி அறை, ஜன்னல் விளிம்புகளை நுரைப்பட்டையால் அடைத்து, வலைத் தட்டுகள், ஒரு மேசை விசிறி, நாளுக்கு 20, 30 லிட்டர் என்று குறித்த வீட்டு ஈரநீக்கி. அந்த லிட்டர் கணக்கு ஈரம் மிகுந்த காற்றுக்கு உரியது. காற்று காய்ந்து 40 சதவீதத்துக்கு வரும்போது பாதிகூட வடிக்காது. ஆனாலும் 10 கிலோ பச்சை இலையை ஓர் இரவு, ஒரு பகலில் முடித்துவிடும். பிறகு அதே அறை கேப்சூல் நிரப்பும் அறையாகவும் பயன்படும்.

உறைய வைத்து உலர்த்துவது பற்றியும் கேட்கிறார்கள். நிறமும் வைட்டமினும் அதில் நிற்பது போல வேறெதிலும் நிற்காது. ஆனால் பொடி பஞ்சாக வரும். கனம் மில்லிக்கு 0.25 என்றால் ‘0’ கூட்டில் 170 மில்லிகிராம்தான் போகும். 2, 3 சதவீதத்துக்கு வறண்ட பொடி கூட்டின் ஈரத்தை உறிஞ்சும். நிலாவாரைக்கு நொதி வேலை செய்ய வாய்ப்பே கிடைக்காமல் போகும். இலைக் கேப்சூலுக்கு இது வேண்டாத ஆடம்பரம்.

## ஒரே பார்வையில்

| முறை | முருங்கைக்கு நேரம் | எட்டும் ஈரம் | 1 கிலோ காய்ந்த இலைக்கு மின்சாரம் | ஐப்பசி–கார்த்திகை |
|---|---|---|---|---|
| வெயில் களம் | 1½–3 நாள் | பிற்பகலில் 9–10%, விடியலில் 14% | இல்லை | நடக்காது |
| நிழல் கொட்டகை | 3–4 நாள் | 10–14% | இல்லை | பூஞ்சை |
| சூரியக் கூடாரம் | 1–1½ நாள் | 7–8%, மாலைக்குள் எடுத்தால் | விசிறிக்கு மட்டும் | வெயிலைப் பொறுத்தது |
| தட்டு உலர்த்தி | 6–10 மணி | 5–7% | 4–5 யூனிட் | ஓடும் |
| ஈரம் உறிஞ்சும் உலர்த்தி | 12–20 மணி | 6–8% | சுமார் 2 யூனிட் | ஓடும் |

எண்கள் இலையின் தடிப்பு, பரப்பும் கனம், காற்று ஆகியவற்றைப் பொறுத்துக் கூடிக் குறையும்.

## யாருக்கு எது

ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைப்பதில்தான் சிக்கல். கணக்கைப் பாருங்கள். 100 கிலோ முருங்கையில் நிழல் காற்று இலவசமாக 14 சதவீதம் வரை கொண்டுவந்து விடும். அப்போது மிஞ்சுவது 25.6 கிலோ. அங்கிருந்து 7.5 சதவீதத்துக்கு இறக்க வெளியேற்ற வேண்டியது 1.8 லிட்டர் மட்டுமே. 76 லிட்டரில் 74-ஐக் காற்று எடுத்துக்கொண்டு போகிறது. காற்றால் ஒருபோதும் முடியாத கடைசி இரண்டு லிட்டருக்குத்தான் இயந்திரம் தேவை. அரைக்காய்ச்சல் இலையைத் தட்டில் மூன்று நான்கு சென்டிமீட்டர் தடிப்பாகப் போடலாம், 45 டிகிரியில் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடியும். நான்கு நாள் நிழல் சரக்கை ஒரு சின்ன உலர்த்தி ஒரே பிற்பகலில் முடித்துக் கொடுக்கும்.

எனவே தை முதல் புரட்டாசி வரை வேலை செய்கிற, வாரம் 100 கிலோவுக்குள் பச்சை இலை எடுக்கிற குழுவுக்கு நிழல் கொட்டகையும் சிறிய தட்டு உலர்த்தியும் சேர்ந்த ஏற்பாடே எங்கள் தேர்வு. நிலாவாரைக்கு அளவு எதுவானாலும் இதுதான். துளசி முதன்மைச் சரக்கு என்றால் ஈரநீக்கி அறைக்குப் போங்கள். முருங்கை மட்டும், அதுவும் பெரிய அளவில் என்றால் நிழல் வலை கட்டிய கூடாரம் மலிவு. ஆனால் அதற்கும் கடைசிக் கட்டத்துக்கு ஒரு சிறிய உலர்த்தி பக்கத்தில் வேண்டும். மழை மாதத்திலும் ஆர்டர் நிற்கக் கூடாது என்கிறவர்களுக்கு ஹீட் பம்ப், அல்லது முழு உலர்த்தலையும் தாங்கும் தட்டு உலர்த்தி தவிர வழி குறைவு. பணம் இல்லாதவர்கள் களத்தில் போட்டு கேப்சூல் அடைப்பதைவிட, நிழலில் காய வைத்த இலையை உலர்த்தி வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கொடுத்து முடித்துவாங்குவது மேல்.

வெளியிலிருந்து காய்ந்த இலை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 12 சதவீத ஈரமுள்ள 100 கிலோ இலையை 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 95.6 கிலோதான் நிற்கும். எடைக்கு விலை தரும்வரை எந்த உழவரும் அந்த நாலரைக் கிலோவைத் தன் கையால் காற்றில் விடமாட்டார், விடவும் தேவையில்லை. ஈரம் பார்த்து, காய்ந்த கணக்கில் விலை பேசுங்கள்.

## ஈரத்தைப் பார்க்கும் விதம்

களத்தில் அடையாளத் தட்டு போதும். ஒரு தட்டில் சரியாக 1,000 கிராம் ஆய்ந்த முருங்கை இலையைப் போட்டுச் சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள். அது 239 கிராமுக்கு வந்தால் ஈரம் 8 சதவீதம், 237-க்கு வந்தால் 7. இரண்டு கிராம் வித்தியாசம்தான் என்பதால் ஒரு கிராம் துல்லியத் தராசு வேண்டும். பச்சை இலையின் தண்ணீர் மழைக்காலத்தில் கூடும், ஆகவே பருவத்துக்கு ஒருமுறை அளந்து கணக்கைத் திருத்துங்கள்.

பொடிக்கு 2 கிராமை 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை காய வைத்துப் பார்ப்பது வழக்கம். துளசியை இப்படி அளந்தால் வாசனை எண்ணெயும் ஆவியாகி ஈரக் கணக்கில் சேர்ந்துவிடும். ஈரம் அதிகம் என்று தவறாகக் காட்ட, இன்னும் வறட்டி, மிஞ்சிய வாசத்தையும் கெடுப்பார்கள். வாசனைச் சரக்குக்கு டொலுவீன் வடிப்பு முறையில் (தண்ணீரை மட்டும் தனியாக வடித்து அளப்பது) அளந்து தரச் சொல்லி ஆய்வகத்திடம் கேளுங்கள்.

## கூடும் பையும்

சைவக் கூடு எனப்படும் எச்.பி.எம்.சி. கூட்டில் ஈரம் 4, 6 சதவீதம்தான். வறண்ட பொடிக்கும் உடையாது. தட்டு உலர்த்தியில் 5 சதவீதத்துக்குப் போய்விட்ட லாட்டுக்கு அதுவே பாதுகாப்பு. விலை கூடுதல். துவர்ப்புச் சத்து நிறைந்த ஆவாரை, கடுக்காய் போன்றவற்றுக்கு ஈரம் எப்படி இருந்தாலும் இந்தக் கூடே நல்லது. துவர்ப்பு ஜெலட்டினோடு பிணைந்து, வயிற்றில் கூடு கரைவதைத் தாமதப்படுத்தும்.

நிரப்பும் அறையில் ஈரப்பதம் 40, 50. இருபது நிமிடத்துக்கு மேல் பொடியைத் திறந்து வைக்காதீர்கள். 80 சதவீதக் காற்றில் மெல்லிய பொடி ஓரிரு மணி நேரத்திலேயே பழைய ஈரத்துக்குத் திரும்பிவிடும். உலர்த்தியிலிருந்து எடுத்த இலையைச் சூடாகவும் கட்டாதீர்கள், பைக்குள் வியர்க்கும். மூடிய அறையில் அரை மணி நேரம் ஆறவைத்து, தடித்த உள்பையில் அடைத்து, காற்றைப் பிழிந்து, வாயைத் திருகி மடித்துக் கட்டி, மூடியுள்ள டிரம்மில் போடுங்கள். மளிகைக்கடை மெல்லிய பாலித்தீன் ஈரத்தை மெல்ல விடும். டிரம்மின் மேல் எடை, ஈரம், உலர்த்திய தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். அரைவை மில்லுக்குப் போகும் நாளில் மறுபடி எடை போடுங்கள். 20 கிலோ டிரம் 20 கிலோ 400 கிராம் காட்டினால் எங்கோ கட்டு தளர்ந்திருக்கிறது. அந்த டிரம்மை மீண்டும் 45 டிகிரியில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்த பிறகு அரையுங்கள்.